நானா கடை ரொட்டியில் மாத்திரையாம்: அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்ததா?

ஓட்டோக்காரன் | வெள்ளி இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் ஓட்டோ ஓட்டுகிறேன். இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமையில் இருந்து எங்கள் பக்கம், ஒரு நானாவின் (முஸ்லிம்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கடையைப் பற்றி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பொம்பளைக் குரல், அழுகிற மாதிரி. "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற நானா கடையில ரொட்டி வாங்காதீங்க. மாவுல கருத்தடை மாத்திரை அரைச்சுப் போடுறாங்க. நாலாம் வகுப்புப் புள்ள ஒண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குது. தமிழ் சனத்தையே இல்லாம பண்ணப் பாக்குறாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க." இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இல்லை.

எனக்கு இதை அனுப்பியவர் என் மாமியார். அவருக்குக் குரல்பதிவு அனுப்பத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கடை நானாவின் வாப்பா காலத்தில் இருந்து அங்கேதான் இருக்கிறது. சம்பளநாள் வரும்வரை கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிற கடை. என் மகள் டியூஷன் முடிந்து வந்தால் அங்கேதான் முட்டை ரொட்டி சாப்பிடுவாள். நேற்று எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தரும் அந்தக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. நானும் போகவில்லை. நம்பினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கால் அந்தப் பக்கம் போகவில்லை. கல்லாவில் இருந்து நானா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தவறணைமலை | வெள்ளி இரவு 9.31

எனக்கும் வந்தது, தலவாக்கலைக் கதை என்று சொல்லி. அதே குரல். கேட்டுப் பாருங்கள், அதில் ஊர்ப் பெயரே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு நானா கடை இல்லாத டவுன் மலையகத்தில் எங்கே இருக்கிறது?


உள்ளதைச் சொல்வேன் | வெள்ளி இரவு 10.02

நெருப்பில்லாமல் புகையாது தம்பி. நான் யாருக்கும் எதிரி இல்லை, முஸ்லிம் கூட்டாளிகள் எனக்கும் இருக்கிறார்கள். ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயத்திலும் ஹோட்டலிலும் 250 பேருக்கு மேல் செத்தார்களே, அதுவும் வதந்தியா? அதற்கு ஒரு கிழமை முன்னால் யாராவது வந்து "இப்படிச் செய்யப் போகிறார்கள்" என்று எழுதியிருந்தால், இதே இடத்தில் பத்துப் பேர் "ஆதாரம் எங்கே" என்று கேட்டிருப்பீர்கள்.

பிள்ளைகள் விஷயம். உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ரொட்டியை வேறு கடையில் வாங்கினால் யாருக்கு என்ன நட்டம்?


கம்பளைத் தம்பி | வெள்ளி இரவு 10.40

யாருக்கு நட்டமா? அந்த நானாவுக்குத்தான் நட்டம் அண்ணே. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அதனால் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். 2019இல் முன்கூட்டியே சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தார்கள். 2017இல் அங்கே சூஃபிகளோடு அவன் ஆட்கள் மோதியதில் இருந்தே அவனைப் பற்றிய கதை அதிகாரிகளுக்குத் தெரியும். இந்தியாவில் இருந்தும் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி பொலிஸ் உள்ளுக்குள் அனுப்பிய கடிதத்தில் ஆள் பெயர் இருந்தது, இயக்கத்தின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்றும் இருந்தது. கண்டுகொள்ளவில்லை. அதற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது.

ஆள் பெயரோடும் இயக்கத்தின் பெயரோடும் வந்த தகவலை யாரும் நம்பவில்லை. பெயர், ஊர், திகதி ஒன்றும் இல்லாமல் அழுகிற குரலில் வருகிறதை எல்லாரும் நம்புகிறோம். இதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் முஸ்லிம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "இவன் ஏன் இவ்வளவு பேசுகிறான்" என்று தேட வேண்டாம்.


வெள்ளைச்சீலை | சனி காலை 5.50

ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன். நான் தோட்டப் பக்கம் வேலை செய்கிற மருத்துவிச்சி. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த மாத்திரைக் கதையை நான் கேட்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் மாத்திரை. கருத்தடை மாத்திரை என்பது நாள் தவறாமல் விழுங்க வேண்டியது. நிறுத்தினால் திரும்பவும் பிள்ளை தங்கும். இரண்டு நாள் மறந்துவிட்டு என்னிடம் ஓடி வருகிற பெண்கள் கொஞ்சமா? ஒரு தடவை சாப்பிட்டால் காலத்துக்கும் பிள்ளை இல்லாமல் போகிற மாத்திரை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. உலக சுகாதார அமைப்பும் 2018இல் இதைத்தான் சொன்னது. ரொட்டி மாவில் அரைத்துப் போட்டு, அதைக் கல்லில் சுட்டு, அதை வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பிள்ளை சாப்பிட்டால் என்ன ஆகும்? பசி அடங்கும்.

2018இல் ஏன் சொன்னார்கள் என்றால் அம்பாறை. பெப்ரவரி கடைசி. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தட்டில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடந்தது. "வந்த பெத்தி" என்று சத்தம் போட்டார்கள், சிங்களத்தில் மலட்டு மாத்திரை என்று அர்த்தம். கூட்டம் கூடிவிட்டது. கல்லாவில் நின்றவருக்குச் சிங்களம் அரைகுறை. சுற்றி நின்று, போட்டாயா போட்டாயா என்று கேட்கிறார்கள். அவர் என்ன கேட்கிறார்கள் என்று சரியாக விளங்காமல், பயத்தில், ஆமாம் என்கிற மாதிரித் தலையாட்டிவிட்டார். அதைப் போனில் பிடித்து பேஸ்புக்கில் போட்டார்கள். அன்று இரவே கடை போய்விட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னார்: அது மாவுக் கட்டி. மருந்து எதுவும் இல்லை.

அந்த வீடியோவை நான் அப்போது பார்த்தேன். விளங்காத மொழியில் அதட்டிக் கேட்டால் தலையாட்டுகிற ஆட்களை நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன். நம் ஆட்கள்தான். "விளங்குதா" என்று சிங்கள டாக்டர் கேட்டால் "ஹரி சேர்" (சரி சேர்) என்பார்கள். வெளியே வந்து என்னிடம் "என்னக்கா சொன்னாரு" என்பார்கள்.

சரி, தூங்கப் போகிறேன். ஓட்டோக்காரன் தம்பி, அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று விசாரியுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.


உள்ளதைச் சொல்வேன் | சனி காலை 8.15

அக்கா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் தோட்டங்களில் பெண்களுக்கு எல்.ஆர்.டி. என்று நிரந்தரக் கருத்தடை அறுவை செய்தார்களே, அது வதந்தியா? என் அம்மாவுக்கே செய்தார்கள். நான் பிறந்த கையோடு. என்ன ஏது என்று அவருக்கு ஒழுங்காகச் சொல்லக்கூட இல்லை. நம் சனத்தொகையைக் குறைக்கப் பார்த்தார்கள் என்று சொன்னால் நீங்களே ஆமாம் என்பீர்கள். அதை நம்பலாம், இதை நம்பக் கூடாதா? யாருக்கு எதிரான குற்றச்சாட்டு என்று பார்த்துத்தான் உங்கள் சந்தேகம் வேலை செய்கிறதா?


வெள்ளைச்சீலை | சனி பகல் 1.20

தூக்கம் போய்விட்டது உங்களால்.

உங்கள் அம்மாவின் கதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கதை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கமே காசு கொடுத்தது, 1980களில் 500 ரூபாய் வரை. அன்றைக்குத் தோட்டத்தில் அது பெரிய காசு. லொறியில் ஏற்றிப் போனதையும் கூட்டிக்கொண்டு போனவர்களையும் நினைவு வைத்திருக்கிற பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்களிடம் நிரந்தரக் கருத்தடை மற்ற இடங்களைவிட அதிகம் என்பதை அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்புகளே காட்டின. வயிற்றில் தழும்பு இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் போய் யாரும் கேட்கலாம், அவர் தன் வாயால் சொல்வார். குற்றம் யார் மேல்? ஒரு திட்டத்தின் மேல், அதை நடத்திய விதத்தின் மேல். சிங்களச் சனத்தின் மேல் இல்லை. காசு திட்டம் சிங்களக் கிராமங்களிலும்தான் நடந்தது.

இப்போது மற்றதைப் பாருங்கள். 2019 மே மாதம், குண்டு வெடித்து ஒரு மாதம் கழித்து, ஒரு சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது: ஒரு முஸ்லிம் டாக்டர் 4,000 சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று. அடுத்த நாள் குருநாகலில் டாக்டர் ஷாஃபியைப் பிடித்தார்கள். சிசேரியன் நேரத்தில் கருக்குழாயை நசுக்கிவிட்டாராம். நான் தியேட்டருக்குள் நின்றிருக்கிறேன். மயக்க மருந்து டாக்டர், உதவிக்கு ஒரு டாக்டர், சாமான் எடுத்துக் கொடுக்கிற தாதி, சிற்றூழியர், எல்லாருடைய கண்ணும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இருக்கும். கூட நின்ற தாதியரிடம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வாக்குமூலம் எடுத்தது. அப்படி எதுவும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று ஜூன் மாதமே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 25இல்தான் பிணை.

அந்த 4,000 என்கிற எண்ணை யார் எண்ணினார்கள்? இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் செய்தி வந்த கிழமை என் கிளினிக்கில் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளை தங்காமல் வருஷக்கணக்காகக் கோயில் குளம் ஏறிய ஒரு பெண். சிங்களப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "எனக்கும் இப்படித்தான் செய்திருப்பார்களோ மிஸ்" என்று. அவள் குருநாகல் பக்கமே போனதில்லை. அவளுக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை. தன் குறைக்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்தக் கதைகளை நம்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது குறைந்துவிட்டது. கிளப்பிவிடுகிறவர்கள் மேல் குறையவில்லை.

ஷாஃபி டாக்டருக்கு 2022இல் நிலுவைச் சம்பளம் கொடுத்தார்கள், 26 லட்சத்துக்கு மேல். நாட்டில் மருந்து இல்லாமல் தவித்த நேரம். அவ்வளவையும் மருந்து வாங்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.


மூடுபனி | சனி மாலை 6.45

ஹப்புத்தளைப் பக்கம். நான் சொல்வது கொஞ்சம் வேறு கதை, ஆனால் இதே கதைதான்.

2011 ஆகஸ்ட். கிறீஸ் பூதம் காலம். எனக்கு 13 வயது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு, இரும்பு நகம் மாட்டிக்கொண்டு, பெண்களைப் பிறாண்டிவிட்டு ஓடுகிறான் என்று நாடு முழுக்கப் பேச்சு. எங்கள் பக்கம் அது ஆமிக்காரன் என்றார்கள், அரசாங்கம் அனுப்புகிறது என்றார்கள், ஏதோ பரிகாரத்துக்குத் தமிழ்ப் பெண்களின் இரத்தம் வேண்டுமாம் என்றார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கே கதவைச் சாத்தினோம். பொம்பளைகள் மிளகாய்த்தூளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பிளைகள் கவ்வாத்துக் கத்தியோடு காவல்.

ஒரு ராத்திரி தகரம் தட்டுகிற சத்தம். ஓடினோம். ஆற்றோரம் ஒருத்தனைப் பிடித்துவிட்டார்கள். நான் டோர்ச் பிடித்தேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சேர்ட்டைக் கிழித்துவிட்டு ஒருவர் அவன் முதுகைத் தடவிப் பார்த்தார். "வழுக்குது" என்றார். அவ்வளவுதான், அடி விழ ஆரம்பித்தது. அந்த ஆள் மலை ஏறி ஓடி வந்திருக்கிறான், பயம் வேறு, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வியர்வைதான் வழுக்கியது.

அவனுடைய பையில் பிளாஸ்டிக் வாளி மூடி இரண்டும் ஒரு கொப்பியும் இருந்தன. தவணைக்குச் சாமான் கொடுத்துவிட்டுக் காசு வாங்க வந்தவன். சிங்கள ஆள். வசூல் முடிய இருட்டிவிட்டது, குறுக்கு வழியில் இறங்கியிருக்கிறான். கொப்பியில் எங்கள் லயத்து ஆட்களின் பெயரே இருந்தது. என் பெரியம்மா பெயரும் இருந்தது, 350 ரூபாய் பாக்கி. தலைவர் ஒருவர் இழுத்துப் போய்ப் பிள்ளைக் காம்பராவில் போட்டுப் பூட்டினார், அதனால் பிழைத்தான். அதே மாதம் ஹப்புத்தளைப் பக்கத் தோட்டத்தில் வேறு இரண்டு பேரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அது பேப்பரில் வந்தது.

என் அப்பா அன்று கையில் கத்தியோடு நின்றார். அதைப் பற்றி இன்றுவரை எங்கள் வீட்டில் பேச்சு இல்லை.


உள்ளதைச் சொல்வேன் | சனி மாலை 7.10

கிறீஸ் பூதம் பொய் இல்லை. என் சித்தியே கண்ணால் பார்த்தாள்.


மூடுபனி | சனி மாலை 7.18

நானும்தான் பார்த்தேன் அண்ணே. எங்கள் லயத்தில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பக்கம்.


பழைய கணக்கப்பிள்ளை | சனி இரவு 8.30

பேரன்தான் தட்டித் தருகிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

நம் சனம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது என்று மூடுபனித் தம்பி சொன்னது சரி. நான் அடி வாங்கிய பக்கத்தைச் சொல்கிறேன்.

1947 தேர்தலில் நம் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம், நம் சனத்தில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனது. இந்தியாக்காரன் கண்டி நாட்டை விழுங்கப் போகிறான், கள்ளத்தோணியில் வந்து இறங்குகிறான் என்பது அன்றைய பேச்சு. என் அப்பா பிறந்தது இதே மலையில், எட்டாம் நம்பர் லயத்தில். 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டார். இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு என்ன ஆதாரம்? பெயர் செக்றோலில் (தோட்டத்து வேலையாட்கள் பதிவில்) இருந்தது, அந்தப் புத்தகம் தோட்டத்துத் துரை ஆபீசில் இருந்தது, துரை லீவில் இருந்தார். தள்ளுபடி. அப்புறம் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். என் அண்ணன் அங்கே போனான், நான் இங்கே. கள்ளத்தோணி என்று ஊரெல்லாம் சொன்னானே, எந்தத் தோணி, எந்தத் துறை, எந்த ராத்திரி என்று ஒருத்தனும் காட்டவில்லை. குற்றத்தைச் சொன்னவன் சும்மா போனான், இல்லை என்று நிரூபிக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

1958இல் பாணந்துறையில் ஒரு கதை. மட்டக்களப்பில் படிப்பிக்கப் போன சிங்கள டீச்சரைத் தமிழர்கள் மார்பை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று. பாணந்துறைத் தமிழர்கள் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். பிறகு தேடினால் அப்படி ஒரு டீச்சரே மட்டக்களப்பில் வேலை செய்யவில்லை. 1983இல் ஜூலை 29 வெள்ளிக்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரம் ஓயப் பார்த்த நேரம், கொழும்பில் புலி இயக்கம் வந்துவிட்டது என்று ஒரு சத்தம். புலி வரவில்லை. ஆனால் அன்றைக்குச் செத்தவர்கள் செத்ததுதான்.

எப்போதும் ஒரு பொம்பளை, இல்லாவிட்டால் ஒரு பிள்ளை. கவனித்தீர்களா? ஆம்பிளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொன்னால் யாரும் கத்தியை எடுப்பதில்லை.


கம்பளைத் தம்பி | சனி இரவு 9.25

ஐயா, எங்கள் ஊர்க் கதை ஒன்றும் சேர்க்கிறேன். 1915 சிங்கள முஸ்லிம் கலவரம் மே கடைசியில், வெசாக் நேரம் கண்டியில் வெடித்தது. அதற்கு முன்னால் நடந்ததுதான் கம்பளைப் பெரஹரா (பௌத்த ஊர்வலம்) வழக்கு, பள்ளிவாசல் வழியாக மேளம் அடித்துக்கொண்டு போகலாமா என்கிற தகராறு. கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் போயின. ஆனால் அதற்கு மேல் வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம்: இது ஜெர்மன்காரனோடு சேர்ந்து சிங்களவன் செய்கிற சதி, ராஜத்துரோகம் என்று. மதுவுக்கு எதிராகக் கூட்டம் போட்ட, பிறகு பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவைப் போன்றவர்களை எல்லாம் உள்ளே தள்ளினான். ஹென்றி பேதிரிஸ் என்கிற இளைஞனை ஜூலை 7இல் சுட்டே கொன்றான். ஒரு சனத்தையே சதிகாரர்கள் என்றால் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம்.


பழைய கணக்கப்பிள்ளை | சனி இரவு 9.50

அப்போது சிங்களவர்களுக்காகச் சட்டசபையில் எழுந்து பேசியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். யுத்த நேரத்தில் கப்பலேறி லண்டன் வரை போனார். திரும்பி வந்தபோது வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெரிய மனிதர்களே இழுத்தார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார்.


கம்பளைத் தம்பி | சனி இரவு 10.05

சரிதான் ஐயா. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள். சிங்களவர் மேல் வந்த பழியைத் துடைக்கப் போனவர், எங்கள் கடைகளை எரித்ததைப் பற்றி அவ்வளவாக வாய் திறக்கவில்லை என்று. முஸ்லிம்கள் அவரை மன்னிக்கவே இல்லை.

கண்டிப் பக்கம் திகணயில் 2018இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு உண்மை இருந்தது. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் வாகனத் தகராறு, ஒரு சிங்கள லொறி டிரைவரை எங்கள் ஆட்கள் சிலர் அடித்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இதில் ஒரு சொல்லும் வதந்தி இல்லை. அடித்தவர்களைப் பொலிஸ் பிடித்தும்விட்டது. ஆனால் மார்ச் 5ஆம் திகதி எரிந்தது அவர்கள் வீடு மட்டுமா? என் மச்சானின் கடை திகணயில் இருந்து தள்ளி, மெயின் ரோட்டில். தையல் கடை. அவனுக்கு லொறியும் தெரியாது, டிரைவரையும் தெரியாது. எரிந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம். தையல் மெஷின்களின் இரும்பு மட்டும் வரிசையாக நின்றது. சட்டை தைக்கக் கொடுத்திருந்த சிங்கள ஆட்கள் இரண்டு பேர் அடுத்த நாள் வந்து, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவசரகாலச் சட்டம் போட்டார்கள், பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள். பேஸ்புக் கம்பனி 2020இல் மன்னிப்புக் கேட்டது. மச்சான் கட்டாருக்குப் போய்விட்டான்.


உள்ளதைச் சொல்வேன் | சனி இரவு 10.30

தம்பி, உங்கள் மச்சானுக்கு நடந்ததைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. நான் கடை எரிக்கச் சொல்லவில்லை. ரொட்டி வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிள்ளை வைத்திருக்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? எல்லாரும் சேர்ந்து என்னைக் காடையன் மாதிரிப் பேசுகிறீர்கள்.


தவறணைமலை | சனி இரவு 10.41

ரொட்டி வாங்காமல் இருங்கள், யார் கேட்டது. அந்தக் குரல்பதிவை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.


உள்ளதைச் சொல்வேன் | சனி இரவு 10.58

மூன்று குரூப். எச்சரிக்கைக்காகத்தான்.


மட்டுறுத்துநர் | சனி இரவு 11.15

இடையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "நானா" என்பதோடு வேறு சொல்லைச் சேர்த்து எழுதியவருக்கு ஒரு கிழமை தடை. குரல்பதிவை இங்கே இணைக்க வேண்டாம், கடையின் பெயரையும் எழுத வேண்டாம். மற்றபடி தொடரலாம்.


ஓட்டோக்காரன் | திங்கள் இரவு 8.20

எல்லாவற்றையும் வாசித்தேன். வெள்ளைச்சீலை அக்கா சொன்ன மாதிரி விசாரித்தேன். எனக்கு வாகனம் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்.

மாமியாரிடம் யார் அனுப்பியது என்று கேட்டேன். மாதர் சங்கத்து அக்கா. அவரிடம் கேட்டேன், தங்கச்சி மகள், கொழும்பில் வேலை. அவளுக்குப் போன் போட்டேன். ஊரில் இருந்துதான் வந்தது மாமா என்றாள். ஊரில் யார்? இன்னொரு தோட்டத்துப் பெயரைச் சொன்னாள், எங்கள் டவுனில் இருந்து ஆறு கட்டை. அந்தப் பிள்ளை அங்கேதானாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹயர் முடித்துவிட்டு அப்படியே மேலே ஏறினேன். ரோடு மோசம், ஒரு ஷொக் போய்விட்டது, அது வேறு செலவு. பள்ளிக்கூட வாசலில் ஒரு டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். நாலாம் வகுப்பில் 19 பிள்ளைகள், எல்லாரும் வெள்ளிக்கிழமை வந்தார்கள் என்றார். பிறகு அவரே என்னைக் கேட்டார், "நீங்க கீழ் டவுன் ஆள்தானே? அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" அவர்கள் கேள்விப்பட்ட கதையில் அந்தப் பிள்ளை எங்கள் தோட்டத்துப் பிள்ளையாம். மேல் டிவிஷனில் பணம் சேர்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள், பார்க்கப் போகும்போது ஹோர்லிக்ஸ் வாங்க.

ஆஸ்பத்திரியிலும் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் வார்டில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். காய்ச்சல், இருமல், ஒரு பிள்ளைக்குக் கை முறிவு, கொய்யா மரத்தில் இருந்து விழுந்தது.

இதையெல்லாம் ஸ்டாண்டில் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும், பிள்ளையை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி மறைத்திருப்பார்கள் என்றார். அவரோடு பேச எனக்குத் தெரியவில்லை.

உள்ளதைச் சொல்வேன் அண்ணே, நீங்கள் அனுப்பிய மூன்று குரூப்பிலும் இதைப் போட்டுவிட்டால் பெரிய உதவி. குரலில் சொல்ல வேண்டும் என்றால் நான் பேசித் தருகிறேன், அழத் தெரியாது அவ்வளவுதான்.


உள்ளதைச் சொல்வேன் | திங்கள் இரவு 9.05

இரண்டு குரூப்பில் போட்டுவிட்டேன். மூன்றாவதில் என்னை ரிமூவ் பண்ணிவிட்டார்கள்.

இன்னும் என் மனது முழுக்க ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


வெள்ளைச்சீலை | திங்கள் இரவு 9.40

பரவாயில்லை தம்பி. அம்மாவுக்கு இப்போது எத்தனை வயது? எல்.ஆர்.டி. செய்த காலத்தைப் பற்றி அவர் பேசுவார் என்றால், நான் வந்து எழுதி வைத்துக்கொள்கிறேன். யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.


கம்பளைத் தம்பி | செவ்வாய் காலை 6.10

கடை இப்போது எப்படி ஓட்டோக்காரன் அண்ணே?


ஓட்டோக்காரன் | செவ்வாய் இரவு 8.55

ரொட்டிக் கல்லையும் மாவுப் பலகையையும் உள்ளே இருந்து எடுத்து வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார் நானா. மாவு பிசைவதில் இருந்து எல்லாம் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி. அப்படி இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழைக்கு ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கிறார், காற்றில் அது அடித்துக்கொண்டே இருக்கிறது. சனம் பாதி திரும்பி வந்திருக்கிறது.

வியாழக்கிழமை நான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார் என்று பயந்துகொண்டே போனேன். கொப்பியைத் திருப்பி, "பழைய பாக்கி 240 இருக்கு" என்று மட்டும் சொன்னார். கட்டினேன்.

இன்று பின்னேரம் மாமியார் போன் எடுத்தார். வரும்போது இரண்டு முட்டை ரொட்டி வாங்கி வரச் சொன்னார். நானா கடையிலா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஆமா, ஆனா பக்கத்துலயே நின்னு, போடுறத பாத்து வாங்கிட்டு வா" என்றார்.

நின்றேன். மாவு, உப்பு, எண்ணெய், முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய்.